பழைய மேக்கின் .சிட் கோப்புகளை எதில் திறப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

1990களின் சிடியையோ பிளாப்பியையோ எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் .சிட் என்று முடியும் கோப்புகள் எதிர்ப்படும். ஸ்டஃப்இட் என்ற மேக் மென்பொருள் சுருக்கிக் கட்டிய கோப்புகள் அவை. விண்டோஸில் இரட்டைக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. 7-ஜிப்பும் வின்ராரும் இந்த வடிவத்தைத் திறப்பதில்லை. இன்றைய மேக்கில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டருக்கும் இது தெரியாது. அதன் பிறகு தேடத் தொடங்கினால் ஆளுக்கொரு பதில். பழைய ஸ்டஃப்இட் எக்ஸ்பாண்டரையே போடு என்பார் ஒருவர், அன்ஆர்கைவர் போதும் என்பார் இன்னொருவர், பழைய மேக்கைப் போல நடிக்கும் எமுலேட்டர்தான் சரி என்பார் மூன்றாமவர், பழைய மேக் ஒன்றை வாங்கிவிடு என்பார் நான்காமவர். எதைத் தேர்வது என்று தெரியாமல் நிற்கும் வாசகர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

நான்கு வழியிலும் பெரும்பாலான .சிட் கோப்புகள் திறந்துவிடும். ஆனால் திறந்தது என்பதும் முழுதாக வந்து சேர்ந்தது என்பதும் ஒன்றல்ல. எந்த மென்பொருளை இறக்குவது என்பதைவிட, உள்ளே என்ன இருக்கிறது, அதை எந்த டிஸ்கில் அவிழ்க்கப் போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

## முதலில், உங்களிடம் இருப்பது எந்த .சிட்?

ஸ்டஃப்இட்டை 1987இல் எழுதியவர் ரேமண்ட் லாவ். அப்போது அவர் நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர். ஷேர்வேராக, அதாவது பயன்படுத்திப் பார்த்துப் பிறகு பணம் அனுப்பும் மென்பொருளாகத் தொடங்கியது, பிறகு அலாதீன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பொருளானது. மேக் உலகில் கோப்பு அனுப்புவது என்றாலே .சிட் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. மேக்ஓஎஸ்ஸின் 2003இல் வந்த பேந்தர் பதிப்பில் ஃபைண்டரே ஜிப் செய்யக் கற்றுக்கொண்டது. 2005இல் டைகர் வந்தபோது எக்ஸ்பாண்டரை ஆப்பிள் கூடவே தருவதை நிறுத்தியது. இதற்கிடையே அலாதீன், அல்யூம் என்று பெயர் மாறி, 2005இல் ஸ்மித் மைக்ரோ நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று அதன் வளர்ச்சி நின்றுவிட்டது.

இந்த வரலாற்றில் நமக்கு வேண்டியது ஒரு செய்தி: ஒரே பின்னொட்டுக்குள் இரண்டு வெவ்வேறு வடிவங்கள் இருக்கின்றன. 1998இல் வந்த 5.0 பதிப்பு உள்ளமைப்பை முழுவதும் மாற்றியது, பின்னொட்டை மட்டும் மாற்றவில்லை. 5.0இல் செய்த .சிட் கோப்பைப் பழைய 4.x எக்ஸ்பாண்டரால் திறக்க முடியாது. 2002இல் மூன்றாவது வடிவம் வந்தது. அதற்காவது .சிட்எக்ஸ் என்று தனிப் பின்னொட்டு கொடுத்தார்கள்.

எது எது என்று அறிய, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஏதாவது ஒரு ஹெக்ஸ் வியூவரில் கோப்பின் தொடக்கத்தைப் பாருங்கள். பழைய வடிவமானால் எஸ், ஐ, டி, ஆச்சரியக்குறி என்ற நான்கு எழுத்துகளும், சில பைட்டுகள் தள்ளி ஆர், எல், ஏ, யூ என்ற நான்கும் தெரியும். அந்த நான்கு எழுத்தும் ரேமண்ட் லாவின் பெயர். 5.0 வடிவமானால் ஸ்டஃப்இட் என்ற முழுப் பெயரோடு 1997 எனத் தொடங்கும் காப்புரிமை வரி ஒன்று படிக்கத்தக்க ஆங்கிலத்தில் இருக்கும்.

.சிட்டுக்கு மேல் இன்னொரு உறையும் இருக்கலாம். .எச்க்யூஎக்ஸ் என்று முடிந்தால் அது பின்ஹெக்ஸ்: மின்னஞ்சலில் சிதையாமல் போவதற்காக எழுத்துகளாக மாற்றப்பட்ட கோப்பு. இதை பின்ஹெக்ஸ் 4.0 கொண்டு மாற்ற வேண்டும் என்ற ஆங்கில வரி அதன் தலையிலேயே இருக்கும். .பின் என்று முடிந்தால் பெரும்பாலும் மேக்பைனரி. .எஸ்இஏ என்று முடிந்தால் தானே அவிழும் கோப்பு, அதாவது பழைய மேக்கில் மட்டும் ஓடும் ஒரு செயலி. இந்த உறைகளை வேண்டாத தொல்லை என்று நினைத்துப் பிரித்து எறிந்துவிடாதீர்கள். ஏன் என்பது வழி 2இல்.

## எவற்றை வைத்து ஒப்பிடுகிறேன்

இரண்டு ஃபோர்க்கும் வருமா? இதுதான் தலையாய அளவுகோல், மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தவை. பழைய மேக்கில் ஒரு கோப்புக்கு இரண்டு பகுதிகள் உண்டு. டேட்டா ஃபோர்க் என்பது மற்ற கணினிகளிலும் உள்ள சாதாரண உள்ளடக்கம். ரிசோர்ஸ் ஃபோர்க் என்பதில் ஐகான்கள், மெனுக்கள், எழுத்துருக்கள், செயலியின் நிரல் என்று பலதும் இருக்கும். கூடவே, கோப்பு என்ன வகை, எந்தச் செயலி செய்தது என்பதைச் சொல்லும் நான்கெழுத்துக் குறியீடுகள் இரண்டு உண்டு.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4, பென்டிரைவின் எக்ஸ்ஃபேட் எதிலும் இந்த ரிசோர்ஸ் ஃபோர்க்குக்கு அன்றைய மேக் கொடுத்த இடம் கிடையாது. கவனிக்காமல் அங்கே அவிழ்த்தால் அந்தப் பகுதி சத்தமில்லாமல் போய்விடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது கோப்பைப் பொறுத்தது. ஜேபெக் படமோ வெறும் உரைக்கோப்போ ஆனால் ஒன்றும் குறையாது. மேக்கின் பழைய எழுத்துரு சூட்கேஸ் (எழுத்துருக்களைச் சேர்த்து வைத்த கோப்பு) ஆனால் மொத்தமும் ரிசோர்ஸ் ஃபோர்க்கில்தான் இருக்கிறது. அதை இழந்தால் கையில் மிஞ்சுவது பூஜ்ஜியம் பைட் கோப்பு. தமிழில் வேலை செய்தவர்களுக்கு இது இரட்டை அடி. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஆவணத்தில் எழுத்துகள் அந்தந்த எழுத்துருவின் சொந்த வரிசைப்படிதான் அடிக்கப்பட்டன. எழுத்துரு போனால், ஆவணம் பத்திரமாக இருந்தும் திரையில் தெரிவது அர்த்தமில்லாத ரோமன் எழுத்துக் குவியல்தான். அந்த வரிசைக்கு ஒரு மாற்றி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எந்தத் தலைமுறை வரை திறக்கும்? பழைய வடிவம், 5.0, .சிட்எக்ஸ் ஆகிய மூன்றும், கடவுச்சொல் போட்டவையும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. மென்பொருள் இலவசமாக இருக்கலாம். அதை ஓட்டுவதற்கான கணினி, நேரம், கோப்புகளை வெளியே கொண்டுவரும் பாடு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

இன்னும் எத்தனை நாளைக்கு? இன்று ஐந்து கோப்பைத் திறந்து முடித்துவிடுவீர்களா, அல்லது சில ஆண்டுகள் தொடரும் வேலையா?

பெயர், தேதி போன்றவை சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் நூற்றுக்கணக்கில் அவிழ்க்கும்போது அவையும் தலைவலியாகும். அங்கங்கே சொல்கிறேன்.

## வழி 1: ஸ்டஃப்இட் எக்ஸ்பாண்டரையே இன்றைய கணினியில் போடுவது

உருவாக்கியவர்களின் சொந்த மென்பொருள் என்பதால் மனம் முதலில் இதைத்தான் நாடும். அந்த நம்பிக்கையில் நியாயம் இருப்பது ஒரே இடத்தில், .சிட்எக்ஸ் கோப்புகளில். அந்த வடிவத்துக்குள் பல சுருக்க முறைகள் உண்டு. ஜேபெக் படங்களை மேலும் சுருக்கும் தனி முறையும் உண்டு. மூடிய வடிவம் என்பதால் வெளியாட்கள் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்துத்தான் அவற்றைப் புரிந்துகொண்டார்கள். எல்லாவற்றையும் கட்டாயம் திறக்கக்கூடியது செய்தவரின் மென்பொருள்தான்.

மறைந்திருக்கும் செலவு, அது ஓடும் தளம். மேக்குக்கான கடைசிப் பதிப்பான 16, இன்டெல் சிப்புக்காக எழுதப்பட்டது. ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் அது, இன்டெல் செயலிகளை மாற்றி ஓட்டித் தரும் ரொசெட்டா 2 வழியாகத்தான் ஓட வேண்டும். பொதுவான ரொசெட்டா ஆதரவு மேக்ஓஎஸ் 27 வரைதான் என்று 2025இலேயே ஆப்பிள் சொல்லிவிட்டது. அதைவிடப் பழைய 32-பிட் பதிப்புகள் 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்தே ஓடுவதில்லை. நீண்ட நாள் வேலைக்கு இதை நம்பித் திட்டமிடக் கூடாது.

விண்டோஸ் பதிப்பும் இருந்தது. அதில் அவிழ்க்கும்போது மேலே சொன்ன ஃபோர்க் பிரச்சினை முழு வீச்சில் வரும். படங்களும் உரையும் மட்டும் வேண்டுமென்றால் சரி, எழுத்துருவும் செயலியும் வேண்டுமென்றால் வேண்டாம். தவிர, வளர்ச்சி நின்ற மென்பொருளை இறக்கித் தருவதாகச் சொல்லும் தளங்கள் நிறைய. எவரோ மறுபடி கட்டி வைத்த நிறுவியை அலுவலகக் கணினியில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்போது இது சரி: கையில் ஒரு இன்டெல் மேக் இருக்கிறது, .சிட்எக்ஸ் கோப்புகள் இருக்கின்றன, அடுத்த வழி அவற்றில் சிலவற்றைத் திறக்க மறுத்துவிட்டது.

## வழி 2: தி அன்ஆர்கைவர், அதன் கட்டளைவரி வடிவமான அன்ஆர்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். டாக் ஓக்ரன் எழுதிய திறமூல மென்பொருள் இது. மேக் செயலியை இப்போது மேக்பா நிறுவனம் பராமரிக்கிறது. பழைய .சிட், 5.0 .சிட், பின்ஹெக்ஸ், மேக்பைனரி, அன்றைய போட்டியாளர்களான காம்பேக்ட் புரோ, டிஸ்க்டபுளர் எல்லாவற்றையும் திறக்கும். தானே அவிழும் .எஸ்இஏ கோப்பை ஓட்டாமலேயே உள்ளிருப்பதை எடுக்கும். .சிட்எக்ஸ் ஆதரவு மட்டும் முழுமையானது அல்ல.

மேக்கில் ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் டிஸ்கில் அவிழ்த்தால் ரிசோர்ஸ் ஃபோர்க் அப்படியே வந்து உட்காரும். டேட்டா ஃபோர்க்கோடு சேர்த்து ஒரே கோப்பாக, வகைக் குறியீடுகளோடு. ஏற்கெனவே மேக் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

லினக்ஸில் அன்ஆர் என்ற கட்டளையாகக் கிடைக்கும். டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே இருக்கிறது. விண்டோஸுக்கும் கட்டளைவரி வடிவம் உண்டு. இங்கே ரிசோர்ஸ் ஃபோர்க்கை என்ன செய்வது என்று நாம் சொல்லலாம்: .ஆர்எஸ்ஆர்சி பின்னொட்டோடு பக்கத்திலேயே தனிக் கோப்பாக வைப்பது, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் சேர்த்து மறைகோப்பாக வைப்பது, அல்லது தூக்கி எறிவது. மூன்றாவதை ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலாவது நல்லது, கண்ணில் படும். இரண்டாவதில் ஓர் ஆபத்து: என்னவோ குப்பை என்று நினைத்து யாராவது அந்த மறைகோப்புகளை மொத்தமாக அழித்துவிடுவார்கள். பகிர்ந்து பயன்படுத்தும் சர்வர்களில் இது அடிக்கடி நடக்கிறது.

இதன் துணைக் கட்டளையான எல்எஸ்ஆர், அவிழ்க்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலிடும். சோதனை விருப்பத்தோடு ஓட்டினால், கோப்புகளுக்குள் பதிந்திருக்கும் சரிபார்ப்பு எண்களை ஒப்பிட்டு, எது சிதைந்திருக்கிறது என்றும் சொல்லிவிடும். முப்பது ஆண்டு பழைய பிளாப்பியிலிருந்து எடுத்த கோப்புகளுக்கு இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். அவிழ்த்த பிறகு ஒவ்வொரு படமாகத் திறந்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். பழைய மேக்கில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடு போடலாம், கோலன்தான் கூடாது. லினக்ஸில் அதற்கு நேர் எதிர். ஆகவே பெயர்கள் மாறும். அன்றைய மேக்காரர்கள் ஃபோல்டர் பெயரின் கடைசியில் வளைந்த எஃப் குறி ஒன்றைப் போடுவது வழக்கம். பெயரின் எழுத்துக்குறியீடு தவறாகக் கணிக்கப்பட்டால் அது வேறு ஏதாவது குறியாகிவிடும். இதற்கு அன்ஆரில் குறியீட்டைக் கையால் குறிப்பிடும் வசதி இருக்கிறது. ஃபோல்டருக்குச் சொந்த ஐகான் வைத்திருந்தால் உள்ளே ஐகான் என்ற மறைகோப்பு இருக்கும், அதன் பெயரின் இறுதி எழுத்து ஒரு என்டர் குறி. அந்தப் பெயரை விண்டோஸ் ஏற்காது. தேதிகளும் சில மணிநேரம் முன்பின்னாகலாம். பழைய மேக் உள்ளூர் நேரத்தை மட்டுமே குறித்துவைத்தது, எந்த நேர மண்டலம் என்று குறிக்கவில்லை. நியூயார்க்கில் செய்த கோப்பா சென்னையில் செய்ததா என்று அந்தத் தேதியை வைத்துச் சொல்ல முடியாது.

கடவுச்சொல் போட்ட பழைய .சிட் கோப்புகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. சாவியின் ஒரு பகுதி அந்த .சிட் கோப்பின் சொந்த ரிசோர்ஸ் ஃபோர்க்கில் வைக்கப்பட்டிருக்கும். கோப்பு என்றோ ஒருநாள் விண்டோஸ் கணினி வழியாகவோ சாதாரண எஃப்டிபி வழியாகவோ போயிருந்தால் அந்தப் பகுதி அப்போதே உதிர்ந்திருக்கும். கடவுச்சொல் நினைவிருந்தும் திறக்காது. பின்ஹெக்ஸ், மேக்பைனரி உறைகளை எறியாதீர்கள் என்று சொன்னது இதனால்தான். அந்த உறைக்குள் இரண்டு ஃபோர்க்கும் பத்திரமாக இருக்கும். உறையோடு அன்ஆரிடம் கொடுங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும்.

எப்போது இது சரி: ஆவணங்கள், படங்கள், எழுத்துருக்கள் வேண்டும். எண்ணிக்கை அதிகம். திறமூலம் என்பதால் பத்தாண்டு கழித்தும் யாராவது அதைக் கட்டி ஓட்ட முடியும் என்ற உறுதி வேண்டும்.

## வழி 3: எமுலேட்டருக்குள் பழைய மேக்

அவிழ்த்தால் மட்டும் போதாது, அவிழ்த்ததை ஓட்டியும் பார்க்க வேண்டும் என்றால் இந்த வழி. விளையாட்டு, ஹைப்பர்கார்டு என்ற பழைய மேக் மென்பொருளில் செய்த அடுக்கு, இன்று எந்த மென்பொருளும் திறக்காத ஆவணம், இப்படிப்பட்டவற்றுக்கு.

சீப்ஷேவர் என்ற எமுலேட்டர், பவர்பிசி சிப் கொண்ட மேக்கைப் போல நடந்துகொள்ளும். சிஸ்டம் 7.5.2 முதல் மேக் ஓஎஸ் 9.0.4 வரை ஓடும். பேசிலிஸ்க் II அதற்கு முந்தைய 68கே சிப் மேக்குகளுக்கு, 8.1 வரை. இரண்டும் இலவசம். செலவு வேறு இடத்தில் இருக்கிறது.  இவற்றுக்கு மேக்கின் ரோம் சிப்பில் (கணினி தொடங்குவதற்கான நிரல் பதிந்த சிப்) இருப்பதன் நகல் வேண்டும், அது ஆப்பிளின் காப்புரிமைக்கு உட்பட்டது. சொந்தமாக ஒரு பழைய மேக் வைத்திருப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிறகு சிஸ்டம் டிஸ்க், பிறகு அமைப்புகள். முதல் தடவை செய்பவருக்கு ஒரு முழுப் பிற்பகல் போய்விடும்.

அடுத்த முடிச்சு, எக்ஸ்பாண்டரை உள்ளே கொண்டுபோவது. அதுவும் பெரும்பாலும் சுருக்கப்பட்ட கோப்பாகத்தான் கிடைக்கும், திறக்க எக்ஸ்பாண்டர் வேண்டும்! டிஸ்க் இமேஜாக, அதாவது டிஸ்க் முழுவதின் நகலான ஒரே கோப்பாகக் கிடைப்பதைத் தேடுங்கள், அல்லது வழி 2இல் அவிழ்த்து, ஃபோர்க் குலையாமல் உள்ளே கொண்டுபோங்கள். பழைய மேக் ஆர்வலர்களிடம் இன்றும் புழங்குவது எக்ஸ்பாண்டர் 5.5. பழைய வடிவத்தையும் 5.0 வடிவத்தையும் அது திறக்கும்.

வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்த .சிட் கோப்புக்கு வகைக் குறியீடு இருக்காது. வெள்ளைக் காகித ஐகானாகத் தெரியும், இரட்டைக் கிளிக் வேலை செய்யாது. எக்ஸ்பாண்டரின் ஐகான் மேல் இழுத்துப் போடுங்கள், திறக்கும். அவிழ்க்கும் இடம் எமுலேட்டரின் சொந்த டிஸ்காக இருக்கட்டும், பகிர்வு ஃபோல்டராக வேண்டாம். லினக்ஸில் ஓடும் சீப்ஷேவர், பகிர்வு ஃபோல்டருக்குள் ரிசோர்ஸ் ஃபோர்க்குகளுக்கும் குறியீடுகளுக்கும் இரண்டு மறை ஃபோல்டர்களைத் தனியே உண்டாக்கி வைக்கும். வெளியிலிருந்து பார்த்து அவற்றை விட்டுவிட்டுக் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் பழையபடி இழப்புதான்.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. மிஹாய் பர்பரிட்டா 2022இல் தொடங்கிய இன்ஃபினிட் மேக், பிரவுசருக்குள்ளேயே பழைய மேக்கை ஓட்டுகிறது. கோப்பைத் திரைமேல் இழுத்துப் போட்டால் உள்ளே வந்துவிடும். வெளியே எடுக்க வேண்டியதை அதற்கென்று உள்ள ஃபோல்டரில் போட்டால் ஜிப்பாக இறங்கும். எமுலேட்டர் உங்கள் கணினியின் பிரவுசரிலேயே ஓடுகிறது. ஓரிரண்டு கோப்பு, அதுவும் இப்போதே பார்க்க வேண்டும் என்றால் இதைவிட விரைவான வழி இல்லை. நூறு கோப்புக்கு இது ஆகாது.

எப்போது இது சரி: உள்ளே இருப்பது செயலி அல்லது விளையாட்டு. அல்லது ஆவணம்தான், ஆனால் அதைச் செய்த செயலியிலேயே திறந்து, பக்க அமைப்பு அன்று இருந்தபடி பார்க்க வேண்டும்.

## வழி 4: நிஜமான பழைய மேக்

எமுலேட்டர் செய்யும் எதையும் இதுவும் செய்யும். ஆனால் .சிட் கோப்பைத் திறப்பதற்காக மட்டும் ஒன்றை வாங்காதீர்கள். பேட்டரி கசிந்து மதர்போர்டை அரித்திருக்கும், கெபாசிட்டர்கள் கசிந்திருக்கும், பிளாப்பி டிரைவின் கிரீஸ் இறுகியிருக்கும். அமெரிக்காவில் வாங்கியதாக இருந்தால் பின்னால் எழுதியிருக்கும் மின்னழுத்த அளவைப் படிக்காமல் சுவரில் சொருகவே கூடாது. அவிழ்த்ததை வெளியே கொண்டுவருவதும் சுலபமில்லை. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் வடிவ டிஸ்கைக் கேட்டலினாவிலிருந்து மேக்ஓஎஸ் படிப்பதையே நிறுத்திவிட்டது. டாஸ் பிளாப்பியில் எழுதினால், மேக் ரிசோர்ஸ் ஃபோர்க்குகளைத் தனி மறை ஃபோல்டரில் வைக்கும்.

இது உண்மையாகவே தேவைப்படுவது 800கே பிளாப்பிகளுக்கு. மேக்கின் 800கே டிஸ்க் சுழலும் வேகம் தடத்துக்குத் தடம் மாறும். சாதாரண யூஎஸ்பி பிளாப்பி டிரைவால் அதைப் படிக்க முடியாது. 1.44 எம்பி டிஸ்க் ஆனால் படிக்கலாம். பழைய மேக் இல்லாமல் 800கே டிஸ்கைப் படிக்க கிரீஸ்வீசில் போன்ற சிறு மின்பலகையைச் சாதாரண பிளாப்பி டிரைவோடு இணைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் மின்னணு வேலை தெரிந்தவருக்கு அதுவே மலிவு. டிஸ்க் இமேஜ் கிடைத்துவிட்டால் பிறகு வழி 2, வழி 3 போதும்.

## ஒரே பார்வையில்

| | எக்ஸ்பாண்டர் | அன்ஆர் | எமுலேட்டர் | பழைய மேக் |
|---|---|---|---|---|
| ரிசோர்ஸ் ஃபோர்க் | மேக்கில் வரும், விண்டோஸில் போகும் | மேக்கில் முழுதாக, மற்றவற்றில் தனிக் கோப்பாக | உள்ளே முழுதாக, வெளியே எடுக்கையில் கவனம் | உள்ளே முழுதாக, வெளியே எடுக்கையில் கவனம் |
| பழைய .சிட், 5.0 | திறக்கும் | திறக்கும் | எக்ஸ்பாண்டர் 5.0க்கு மேல் இருந்தால் திறக்கும் | எக்ஸ்பாண்டர் 5.0க்கு மேல் இருந்தால் திறக்கும் |
| .சிட்எக்ஸ் | முழுமையாக | ஓரளவு | எக்ஸ்பாண்டர் 7 வேண்டும் | எக்ஸ்பாண்டர் 7 வேண்டும் |
| நூற்றுக்கணக்கான கோப்பு | சிரமம் | ஏற்றது | சிரமம் | வேண்டாம் |
| பெரிய மறைசெலவு | ரொசெட்டா முடிவு | பெயர், தேதி மாற்றம் | அமைக்கும் நேரம், ரோம் | பழுது, கோப்பை வெளியே எடுப்பது |
| இன்னும் பத்தாண்டு | நம்ப முடியாது | நம்பலாம் | நம்பலாம் | இயந்திரத்தைப் பொறுத்தது |

இணையத்தில் கோப்பைப் பதிவேற்றினால் மாற்றித் தரும் தளங்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ரிசோர்ஸ் ஃபோர்க்கை அவை என்ன செய்கின்றன என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. குடும்பக் கடிதமோ அலுவலக ஆவணமோ இருக்கக்கூடிய கோப்பை முகம் தெரியாத சர்வருக்கு அனுப்பவும் வேண்டாம். அன்ஆர் இலவசமாக உங்கள் கணினியிலேயே செய்கிற வேலை இது.

## அவிழ்த்த பிறகு எது எதில் திறக்கும்

வழியைத் தேர்வதற்கு முன்பே இதையும் பார்த்துவிடுங்கள், பல நேரம் முடிவை மாற்றுவது இதுதான். எல்எஸ்ஆர் தரும் பட்டியலில் மேக்ரைட், கிளாரிஸ்வொர்க்ஸ் ஆவணங்கள் இருந்தால் எமுலேட்டர் தேவையே இல்லை, லிப்ரேஆபிஸ் அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறக்கும். பேஜ்மேக்கர் கோப்புகளையும், குவார்க்எக்ஸ்பிரஸின் 3, 4ஆம் பதிப்புக் கோப்புகளையும்கூட அது திறக்கும். ஆனால் பக்க அமைப்பு அச்சில் வந்த மாதிரியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உரையை மீட்பதற்கு லிப்ரேஆபிஸ், பக்கத்தை மீட்பதற்கு எமுலேட்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துரு சூட்கேஸ்களை ஃபான்ட்ஃபோர்ஜ் திறந்து இன்றைய வடிவத்துக்கு மாற்றித் தரும். பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துருக்களுக்கு இது இப்போது அவசரம். அவற்றுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது. பழைய தமிழ்ப் புத்தகக் கோப்புகளை வைத்திருக்கும் பதிப்பகத்தார் எழுத்துருக்களை முதலிலும் ஆவணங்களைப் பிறகும் மீட்பது நல்லது. எழுத்துரு கையில் இருந்தால் எந்த எழுத்து எந்த எண்ணில் இருந்தது என்ற அட்டவணை கையில் இருக்கிறது. அதை வைத்து யூனிகோடு மாற்றி எழுத முடியும்.

## நான் செய்யச் சொல்லும் வரிசை

மூல .சிட் கோப்பை, அதன் பின்ஹெக்ஸ் அல்லது மேக்பைனரி உறையோடு, தொடாமல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அவிழ்த்தது எவ்வளவு நன்றாக வந்தாலும் அதை அழிக்காதீர்கள். சில எம்பிக்கு மேல் அது இடம் பிடிக்காது.

பிறகு எல்எஸ்ஆரால் பட்டியல் எடுத்துச் சோதியுங்கள். சேதமில்லை என்று தெரிந்தால் அன்ஆரால் அவிழுங்கள், முடிந்தால் மேக்கின் டிஸ்கில். மேக் இல்லாதவர்கள் லினக்ஸில், ரிசோர்ஸ் ஃபோர்க்கைத் தனிக் கோப்பாக வைக்கும் அமைப்போடு. பூஜ்ஜியம் பைட் கோப்புகளைக் கண்டால் அழிக்காமல், பக்கத்தில் .ஆர்எஸ்ஆர்சி துணை இருக்கிறதா என்று பாருங்கள். மேக்கிலிருந்து மற்றவர்களுக்கு அனுப்ப ஃபைண்டரிலேயே ஜிப் செய்யலாம். ரிசோர்ஸ் ஃபோர்க்குகள் அந்த ஜிப்புக்குள் தனி ஃபோல்டர் ஒன்றில் சேர்ந்திருக்கும், இன்னொரு மேக்கில் அவிழ்த்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸில் பெறுபவரிடம் மட்டும் அந்த ஃபோல்டரைக் குப்பை என்று நினைத்து எறிய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்ஆர் திறக்காத .சிட்எக்ஸ் ஏதாவது மிஞ்சினால், கையிலோ நண்பரிடமோ இன்டெல் மேக் இருக்கும்போதே எக்ஸ்பாண்டரில் திறந்து ஜிப்பாகவோ டிஸ்க் இமேஜாகவோ மாற்றிவிடுங்கள். நான்கு வழிகளில் நாள் குறித்துவிட்ட வழி அது ஒன்றுதான், ஆகவே அந்தக் கோப்புகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எமுலேட்டர் வேலையை அவசரமில்லாமல் பிறகு வைத்துக்கொள்ளலாம்.